பவுல் எண்ணிச் சொன்னவையும் சொல்லாமல் விட்டவையும்

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து சபைக்கு, அதாவது கொரிந்தியருக்கு, எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி நான்கு அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்தவர்கள் நம்மில் குறைவாகவே இருப்பார்கள். அவற்றிலிருந்து தனியே எடுத்த வசனங்கள்தாம் நமக்குப் பழக்கம். "என் கிருபை உனக்குப்போதும்" என்பது வாக்குத்தத்த அட்டைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் இருக்கிறது; "மாம்சத்திலே ஒரு முள்" என்பது நோயுற்றவர்களுக்கான ஜெபங்களில் அடிக்கடி வருகிறது. இவ்விரண்டும் ஒரு கடுமையான சச்சரவின் நடுவே, அவமானப்படுத்தப்பட்ட ஒருவர் கோபத்தோடும் கூச்சத்தோடும் தம்மைத்தாமே புகழ்ந்துகொண்ட உரையில் வருகின்றன என்பது அந்த அட்டைகளில் இருப்பதில்லை. அந்த உரையைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தற்புகழ்ச்சி புத்தியீனம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பவுல் அதைச் செய்கிறார். அந்தத் தயக்கத்தை அடக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது என்றும், ஆவிக்குரிய அதிகாரத்தை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு அவர் தந்த விடை அதற்குள்தான் இருக்கிறது என்றும் நான் நினைக்கிறேன்.

முதலில் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய கொரிந்துவை ரோமர்கள் கி.மு. 146இல் அழித்தார்கள்; கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். ஆகவே பவுல் வந்தபோது அது பழம்பெருமை பேசும் குடும்பங்களின் ஊராக இருக்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளும் வணிகர்களும் ஒரு நூற்றாண்டுக்குள் மேலேறி வந்த ஊராக இருந்தது. அப்படி மேலேறியவர்கள் தங்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். பாபியஸ் பிலினஸ் என்பவர் ஊரின் நடுவே ஒரு நினைவு மண்டபத்தைத் தம் சொந்தச் செலவில் கட்டினார். பிறகு நகரின் உயர் அதிகாரி என்ற முறையில் அதைத் தாமே ஏற்று அங்கீகரித்தார். இந்த இரண்டையும் கல்வெட்டில் பொறித்தும் வைத்தார். அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. தகப்பன் பெயர் அதில் இல்லாததால் அவர் முன்னாள் அடிமையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். நாடக அரங்குக்கு அருகே 1929இல் கிடைத்த வேறொரு கல்வெட்டு, ஏரஸ்து என்பவர் தமக்குக் கிடைத்த பதவிக்குக் கைம்மாறாகத் தம் செலவில் தளவரிசை போட்டுக் கொடுத்ததை அறிவிக்கிறது. தன்னைத் தானே புகழ்வது இந்த ஊரில் கூச்சத்துக்குரிய செயலாக இருக்கவில்லை. பொதுவாழ்வில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்றாகவே இருந்தது.

பவுல் இங்கே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பவுல்மேல் வந்த வழக்கைக் கேட்ட கல்லியோன், கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்தின் ஆளுநராக இருந்த காலத்தை டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டின் துணைகொண்டு 51, 52ஆம் ஆண்டுகளை ஒட்டி வைக்க முடிகிறது; ஆகவே பவுல் அங்கே இருந்த காலமும் ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் செய்யும் தொழில் செய்தார். அவர் போன பின்பு வேறு ஊழியர்கள் வந்தார்கள். சிபாரிசு நிருபங்களோடு வந்தவர்கள், எபிரெயர் என்றும் ஆபிரகாமின் சந்ததியார் என்றும் சொல்லிக்கொண்டவர்கள், பேச்சுவன்மை உள்ளவர்கள். பவுல் அவர்களை ஏளனமாக "மகா பிரதான அப்போஸ்தலர்" என்று குறிப்பிடுகிறார். கோபம் முற்றும்போது "கள்ள அப்போஸ்தலர்" என்கிறார். அவர்கள் தரப்பு வாதம் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பது பவுல் மேற்கோள் காட்டும் ஒரே ஒரு வாக்கியம்: "அவனுடைய நிருபங்கள் பாரயோசனையும் பலமுமுள்ளவைகள், சரீரத்தின் தோற்றமோ பலவீனமும், வசனம் அற்பமுமாயிருக்கிறது." எழுத்தில் சிங்கம், நேரில் ஒன்றுமில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. இதை அவர் மறுக்கவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சில் நான் கல்லாதவன்தான், அறிவில் அப்படியல்ல என்று மட்டும் சொல்கிறார்.

இன்னொரு மனக்கசப்பும் இருந்தது, அது பணம் சம்பந்தப்பட்டது. பவுல் கொரிந்தியரிடம் சம்பளம் வாங்கவில்லை. இன்றைய வாசகருக்கு இது பெருந்தன்மையாகத் தோன்றும். அக்காலச் சமூகத்தில் செல்வந்தர் நீட்டும் கொடையை மறுப்பது அவருடைய நட்பையே மறுப்பதற்குச் சமம். கூலி வேலை செய்து பிழைக்கும் ஆசிரியர் அந்த வீட்டுக்கே இழுக்கு. அதைவிட மோசம், மக்கெதோனியச் சபைகளிடம் அவர் உதவி பெற்றுக்கொண்டார். "மற்றச் சபைகளைக் கொள்ளையிட்டேன்" என்று அவரே சொல்லும்போது அதில் குத்தல் இருக்கிறது; பின்னால் "இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்" என்று எழுதும்போது அந்தக் குத்தல் இன்னும் கூர்மையாகிறது. கொரிந்தியர் பவுலைத் தங்கள் ஆளாக வைத்துக்கொள்ள விரும்பினார்கள், அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை என்பதே இந்தச் சச்சரவின் அடியில் கிடப்பது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட நிலையில் ஒருவர் தம்மைப் புகழலாமா என்ற கேள்விக்கு அக்காலத்திலேயே விடைகள் இருந்தன. பவுலுக்கு ஒரு தலைமுறை பின்னால் வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூடார்க், பிறர் வெறுக்காத வகையில் தற்புகழ்ச்சி செய்வது எப்படி என்று ஒரு கட்டுரையே எழுதினார். அநியாயமாகப் பழிக்கப்பட்டவன் தன்னைக் காத்துக்கொள்ளப் பேசலாம், தன் குறைகளையும் கலந்து சொன்னால் கேட்பவர்க்கு எரிச்சல் வராது என்பன அவருடைய அறிவுரைகளில் அடங்கும். அதற்கு நெடுங்காலம் முன்பே, கி.மு. 330இல், ஏதென்ஸ் நீதிமன்றத்தில் பேசிய டெமஸ்தனிஸ், என்னைப் பற்றி நானே பேசும்படி எதிராளி என்னை நெருக்கிவிட்டான், பழி அவனைச் சேரட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நம் நன்னூலும் தற்புகழ்ச்சி தகாது என்று சொன்ன கையோடு, புலவனுக்கு அது தகும் இடங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஒன்று "தன்னை மறுதலை பழித்த காலை". கிரேக்கரும் பவணந்தியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பவுலும் இந்த மரபுக்குள் நின்றுதான் பேசுகிறார்; உரையின் முடிவில் அவரே சொல்கிறார்: "நீங்களே இதற்கு என்னைப் பலவந்தப்படுத்தினீர்கள், உங்களாலே நான் மெச்சிக்கொள்ளப்படவேண்டியதாயிருந்ததே." ஆனால் தொடங்குவதற்குள் அவர் படும் பாடு மரபு கேட்பதைவிட மிக அதிகம். என் புத்தியீனத்தைச் சற்றே சகியுங்கள் என்கிறார், விலகிப் போய்ச் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார், திரும்பி வந்து, இதை நான் கர்த்தருக்கேற்றபடி பேசவில்லை, புத்தியீனனைப் போலப் பேசுகிறேன் என்கிறார், மறுபடியும் விலகுகிறார். செங்குத்தான பள்ளத்தைத் தாண்ட வேண்டிய குதிரை பாய்வதற்கு முன் பலமுறை பின்வாங்குவதைப் போல என்று நான்காம் நூற்றாண்டின் பிரசங்கியான கிறிசோஸ்தோம் இதை வர்ணித்தார். அதற்கு மேல் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை.

கடைசியில் பாய்கிறார். எதிராளிகளின் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நானும்தான், நானும்தான் என்று பதில் சொல்லிவிட்டு, "அவர்கள் கிறிஸ்துவின் ஊழியக்காரரா? நான் அதிகம்" என்கிறார். இந்த இடத்தில் வாசகர் எதிர்பார்ப்பது சாதனைப் பட்டியல்: எத்தனை ஊர்கள், எத்தனை சபைகள், எத்தனை பேர் மனந்திரும்பினார்கள். வருவதோ அடிகளின் கணக்கு. யூதர்களால் ஒன்று குறைய நாற்பதடியாக ஐந்து தரம். மிலாறுகளால், அதாவது பிரம்புகளால், மூன்று தரம். கல்லெறி ஒரு தரம். கப்பற்சேதம் மூன்று தரம். கடலிலே ஒரு இராப்பகல். பிறகு ஆறுகளால் வந்த மோசம், கள்ளரால் வந்த மோசம், பட்டணத்தில், வனாந்தரத்தில், கடலில், கள்ளச் சகோதரரிடத்தில் என்று அடுக்கு நீள்கிறது. வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் பிற்காலத்தில், கிறிஸ்தவப் பிரசங்கிக்குச் சொல்வன்மை எப்படி அமையலாம் என்று விளக்கும்போது, இந்தப் பகுதியையே எடுத்து அதன் வாக்கிய அளவுகளைப் பிரித்துக் காட்டினார். பேச்சு அற்பம் என்று பழிக்கப்பட்டவருடைய பத்தி பேச்சுக்கலைப் பாடமாயிற்று.

இந்தக் கணக்கின் வடிவம் அக்காலத்தவருக்கு மிகவும் பழக்கமானது. 14ஆம் ஆண்டில் இறந்த அகுஸ்து இராயன் தம் செயல்களைத் தன்மையில் எழுதி வைத்துவிட்டுப் போனார்: இரண்டு முறை சிறு வெற்றி ஊர்வலம், மூன்று முறை பெரு வெற்றி ஊர்வலம், 21 முறை படைகளால் இம்பராத்தோர் (வெற்றித் தளபதி) என்று வாழ்த்தப்பட்டது, இப்படி எல்லாமே எண்ணிக்கையோடு. அந்த வாசகத்தின் முழுமையான பிரதி அங்காராவில் இருக்கிறது. துண்டுகள் பிசீதியாவின் அந்தியோகியாவில் கிடைத்தன. அந்த அந்தியோகியாவுக்குப் பவுல் போயிருக்கிறார். அதைக் கல்லில் அவர் பார்த்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எண்ணி எண்ணிச் சொல்லும் புகழ்மொழி எப்படி ஒலிக்கும் என்பதை அவரும் அறிவார், கொரிந்தியரும் அறிவார்கள். அதே ஒலியில் அவர் தோல்விகளை எண்ணுகிறார். அவை வெறும் துன்பங்களும் அல்ல, இழிவுகள். ரோமரிடையே வீரன் தன் மார்பிலுள்ள தழும்பைக் காட்டி வாக்குக் கேட்கலாம். முதுகிலுள்ள தழும்பு அடிமையின் அடையாளம். மிலாறால் அடிப்பது ரோமக் குடிமகனுக்குச் செய்யக்கூடாத அவமானம். நடபடிகளின்படி பவுல் ரோமக் குடிமகன், ஆனால் தம் நிருபங்களில் ஓரிடத்திலும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. ஒன்று குறைய நாற்பதடி என்பதோ யூத ஜெப ஆலயத்தின் தண்டனை; அது அந்தச் சமூகத்துக்குள் இருப்பவன்மீதே செல்லும். விலகிப் போயிருந்தால் தப்பியிருக்கலாம். ஐந்து முறை என்றால், அவர் ஒவ்வொரு முறையும் திரும்ப உள்ளே போனார் என்று பொருள்.

நடபடிகளில் இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. லீஸ்திராவின் கல்லெறியும் பிலிப்பியின் ஒரு மிலாறடியும் மட்டுமே இந்த நிருபத்துக்கு முந்தைய நிகழ்ச்சிகளாக அங்கே வருகின்றன. அந்நூல் விவரிக்கும் ஒரே கப்பற்சேதமும் இதற்குப் பிற்பட்டது. எதிராளிகள் நெருக்காமல் இருந்திருந்தால் அந்த ஐந்து சவுக்கடிகளும் முந்தைய மூன்று கப்பற்சேதங்களும் வரலாற்றில் பதிவாகாமலே போயிருக்கும். தம்மைப் பற்றிப் பேச விரும்பாத மனிதரைப் பற்றி நாம் அறிவதில் கணிசமான பங்கு அவருடைய எதிரிகள் தந்த கொடை.

பட்டியல் முடிந்த பிறகு, ஒட்டில்லாதது போல் ஒரு சிறு சம்பவம் வருகிறது. தமஸ்குவில் அரேத்தா ராஜாவின் பிரதிநிதி தம்மைப் பிடிக்கக் காவல் வைத்தான் என்றும், மதில் ஜன்னல் வழியாகக் கூடையில் வைத்து இறக்கிவிடப்பட்டுத் தப்பினேன் என்றும் சொல்கிறார். இது எதற்கு இங்கே என்று உரையாசிரியர்கள் பலர் தடுமாறியிருக்கிறார்கள். எனக்கு ஏற்புடையதாகத் தோன்றும் விளக்கம் இது: எதிரி நகரத்தின் மதில்மேல் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமப் படையில் மதில் வடிவான பொன்முடி சூட்டுவார்கள், படைவீரர்களின் உயர்ந்த விருதுகளில் அது ஒன்று. பவுல் மதிலில் முதலில் ஏறியவர் அல்லர், முதலில் இறங்கியவர், அதுவும் கூடைக்குள். நகைச்சுவை உணர்வில்லாதவர் என்று பவுலைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த இரண்டு வசனங்களை மீண்டும் வாசிக்கலாம்.

இதன் பிறகுதான் உரையின் மையம். எதிராளிகள் தரிசனங்களைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். ஆகவே அவரும் பேச வேண்டியதாயிற்று. இங்கே நடை முற்றிலும் மாறுகிறது. அடிகளைச் சொல்லும்போது "நான், நான்" என்று சொன்னவர், "கிறிஸ்துவுக்குள்ளான ஒரு மனுஷனை அறிவேன்" என்று படர்க்கைக்குப் போய்விடுகிறார். அந்த மனிதன் பதினாலு வருஷத்துக்கு முன்னே மூன்றாம் வானம்வரைக்கும் எடுக்கப்பட்டான். சரீரத்திலிருந்தானோ, சரீரத்திற்குப் புறம்பே இருந்தானோ, அறியேன். பரதீசுக்குள் மனுஷர் பேசப்படாத வார்த்தைகளைக் கேட்டான். அவ்வளவுதான். கண்டது ஒன்றும் இல்லை, கேட்டதைச் சொல்ல அனுமதி இல்லை, போன விதம் தெரியாது. நிருபத்தை 55 அல்லது 56ஆம் ஆண்டில் வைத்தால், இது 42ஐ ஒட்டி நடந்தது. தமஸ்கு வழியில் கண்ட காட்சி இதுவல்ல. கொரிந்தில் ஒன்றரை ஆண்டு இருந்தவர் இதை அங்கே யாரிடமும் சொல்லியிருப்பதாக நிருபத்தில் குறிப்பு இல்லை. பதினாலு ஆண்டு மறைத்து வைத்ததை வெளியே எடுக்கும்போதும், வெறும் உறையை மட்டுமே காட்டுகிறார்.

ஏன் என்பதற்கு அவரே காரணம் சொல்கிறார், அந்தக் காரணம் வாக்குத்தத்த அட்டைகளில் இடம்பெறுவதில்லை. தம்மிடத்தில் ஒருவன் காண்கிறதற்கும் தம்மாலே கேட்கிறதற்கும் மேலாகத் தம்மை எண்ணிவிடக் கூடாது என்பதற்காக நிறுத்திக்கொள்கிறேன் என்கிறார். என் வாசிப்பில் இந்த நான்கு அதிகாரங்களும் இந்த வாக்கியத்தைச் சுற்றியே நிற்கின்றன. முதுகின் தழும்பைக் கொரிந்தியர் பார்க்க முடியும். சம்பளம் வாங்காததை அவர்கள் அறிவார்கள். பேச்சு சுமார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மூன்றாம் வானத்தை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது. சோதிக்க முடியாத ஒன்றை வைத்து ஒருவர் மற்றவர்மேல் அதிகாரம் கொள்ளத் தொடங்கினால், அதற்கு எல்லையே இல்லை. உங்களைச் சிறையாக்குகிறவனையும், உங்களைப் பட்சிக்கிறவனையும், உங்களை முகத்தில் அறைகிறவனையும் சகித்துக்கொள்கிறீர்களே என்று அவர் சற்று முன்புதான் கேட்டிருக்கிறார். முதல் நிருபத்திலும் இதே நிலைப்பாடுதான்: உங்கள் எல்லாரையும்விட அதிகமாய் அந்நிய பாஷைகளைப் பேசுகிறேன், ஆனாலும் சபையிலே பிறருக்கு விளங்கும் ஐந்து வார்த்தைகளே மேல். தரிசனம் பொய் என்றோ அற்பம் என்றோ அவர் சொல்லவில்லை. அது தமக்கும் தேவனுக்கும் இடையிலானது, சபையின் முன் வைக்கும் சான்று அல்ல என்கிறார். அடையாளங்களும் அற்புதங்களும் உங்களுக்குள்ளே நடப்பிக்கப்பட்டன என்று ஒரு வாக்கியம் இருக்கத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டு நான் வாதாட முடியாது. ஆனால் சவுக்கடியை எண்ணியவர் அற்புதங்களை எண்ணவில்லை. அவை நடந்தபோதும் மிகுந்த பொறுமையோடு நடந்தன என்றே எழுதுகிறார்.

முள்ளைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கண்நோய், வலிப்பு, மலேரியா, எதிராளிகள் என்று பல நூற்றாண்டுகளாக ஊகித்தாயிற்று. அவர் சொல்லாததால் எதுவும் நிற்காது. உரையின் அமைப்பில் அதன் இடம் மட்டும் முக்கியம். மூன்றாம் வானத்துக்குப் போனவர் திரும்பி வரும்போது கொண்டுவருவது பேசக்கூடாத வார்த்தைகள். முள் தம்மைவிட்டு நீங்கும்படி பூமியில் இருந்து மூன்று தரம் வேண்டிக்கொண்டவருக்குக் கிடைத்ததோ பேசக்கூடிய ஒரு பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்று; அதுவும் கேட்டதற்கு மறுப்பு. பரலோகத்திலிருந்து வந்த வார்த்தைகளில் சபைக்கு அவர் எடுத்துச் சொல்வது அந்த மறுப்பை மட்டும்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு என் சந்தேகத்தையும் சொல்லிவிட வேண்டும். தயங்கிக்கொண்டே செய்யும் தற்புகழ்ச்சியும் தற்புகழ்ச்சிதான். திறமையானவர் கையில் அது நேரடிப் புகழ்ச்சியைவிட வலியது. எதிராளிகளின் வாயை அடைத்துவிட்டு, நான் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொள்ளவும் பவுலால் முடிகிறது. பதின்மூன்றாம் அதிகாரத்தில், மறுபடியும் வந்தால் தப்பவிடமாட்டேன் என்று எச்சரிக்கிறார். பலவீனத்தைப் பற்றி அவ்வளவு பேசியவரின் கையில் பிரம்பு இருந்தது. இன்னும் பெரிய சிக்கல் என்னவென்றால், பலவீனத்தில் மேன்மைபாராட்டுவது ஒருமுறை நடந்துவிட்டால், அதுவே அடுத்தவர்களுக்கு ஒரு புதிய மூலதனமாகிவிடும். நம் கன்வென்ஷன் மேடைகளில் சாட்சி சொல்பவர்கள் தங்கள் பழைய பாவத்தையும் பசியையும் வர்ணிக்கும் விதத்தில் சில சமயம் அந்த வாசனை வரும். அதற்குப் பவுல் பொறுப்பல்ல என்று முழுவதுமாகச் சொல்லத் துணிய மாட்டேன். அவர் பக்கம் சொல்ல வேண்டியது, தமக்குக் கொடுக்கப்பட்ட அதிகாரம் இடித்துப்போடுவதற்கல்ல, கட்டுவதற்கே என்று அதே அதிகாரத்தில் வரம்பிட்டுக்கொள்கிறார் என்பது. அந்த வரம்பை வைத்து அவரையே கேள்வி கேட்கும் வசதியைக் கொரிந்தியருக்குக் கொடுத்துவிடுகிறார்.

சண்டை எப்படி முடிந்தது? இந்த நான்கு அதிகாரங்களும் முதல் ஒன்பது அதிகாரங்களோடு தொனியில் ஒட்டாததால், இரண்டு நிருபங்கள் இணைக்கப்பட்டிருக்கலாம் என்று ஜெர்மன் இறையியலாளர் செம்லர் 1776லேயே எழுதினார்; விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்குக் கிடைத்துள்ள பிரதிகளில் அவை ஒரே நிருபமாகவே இருக்கின்றன. எப்படியானாலும் பவுல் பின்பு கொரிந்துக்குப் போனார், அங்கிருந்துதான் ரோமருக்கு நிருபம் எழுதினார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. எருசலேமின் ஏழைகளுக்கு அகாயாவும் பணம் கொடுத்தது என்று அந்த நிருபம் சொல்கிறது. ஆகவே ஏதோ ஒரு சமாதானம் ஏற்பட்டிருக்க வேண்டும்.

அவர் போட்ட வரம்பைப் பின்வந்தவர்களில் சிலர் புரிந்துகொண்டார்கள், சிலர் மீறினார்கள். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனைக்காக ரோமைக்குக் கொண்டுபோகப்பட்ட சிரிய அந்தியோகியாவின் கண்காணி இக்னாத்தியு, பரலோகக் காரியங்களைப் பற்றி என்னால் எழுத முடியும், ஆனால் பெருமையினால் அழிந்துபோகாதபடிக்கு என்னை நானே அளந்துகொள்கிறேன் என்று திரல்லியருக்கு எழுதினார். முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். அந்தக் கைவண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் வேறொருவர், பவுல் மூன்றாம் வானத்தில் கண்டதையெல்லாம் விரிவாக எழுதி, அது தர்சுவில் பவுலுடைய வீட்டின் அடியில் கிடைத்ததாகச் சொல்லிப் பரப்பினார். பேசப்படாத வார்த்தைகள் என்று அவரே சொன்ன பிறகு இதை எழுதியது வீண் துணிச்சல் என்று அகுஸ்தீன் கண்டித்தார். ஆனாலும் இடைக்கால ஐரோப்பாவில் அந்த நூல் பல மொழிகளில் பரவியது; நரகத்தின் காட்சிகளை மக்கள் விரும்பிக் கேட்டார்கள்.

கொரிந்துக்குள் நடந்தது வேறு. முதல் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அந்தச் சபையில் மறுபடியும் அதிகாரச் சண்டை வந்தது. மூப்பர்கள் சிலர் நீக்கப்பட்டார்கள். ரோமச் சபை தலையிட்டு ஒரு நீண்ட நிருபம் எழுதியது. கிளமெந்துவின் பெயரால் வழங்குவது அதுவே. பொறாமையும் சண்டையும் என்னென்ன செய்தன என்று காட்டுமிடத்தில் அது பவுலை நினைவூட்டுகிறது: ஏழு முறை விலங்கிடப்பட்டார், துரத்தப்பட்டார், கல்லெறியப்பட்டார், கிழக்கிலும் மேற்கிலும் பிரசங்கித்தார், அதிகாரிகள் முன் சாட்சி சொன்னார். மூன்றாம் வானத்தைப் பற்றி அங்கே ஒரு சொல் இல்லை. சுமார் 170ஆம் ஆண்டில் கொரிந்தின் கண்காணியாக இருந்த தியோனீசியு, அந்த நிருபம் தம் சபையில் இன்னும் வாசிக்கப்பட்டு வருவதாக ரோமைக்கு எழுதினார்.